கிசான் பணத்தின் பெயரில் வரும் போன்... உஷார்!

திருக்கழுக்குன்றம், திருப்போரூர், மாமல்லபுரம் பக்கம் நெல்லும் மணிலாவும் போடும் சிறு விவசாயிகளுக்கு பி.எம்.கிசான் தவணை முக்கியமான வரவு. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. அதன் பெயரைச் சொல்லியே மோசடி நடக்கிறது.

'இ-கே.ஒய்.சி முடிக்கவில்லை, தவணை நின்றுவிடும்' என்று போன் வரும். பின்னாலேயே வாட்ஸ்அப்பில் 'பி.எம்.கிசான்' பெயரில் ஏ.பி.கே ஃபைல் வரும். அதைப் போனில் ஏற்றினால், உங்களுக்கு வரும் ஓ.டி.பி அவர்கள் கைக்குப் போய்விடும். வங்கிக் கணக்கு காலியாகும்.

கணக்கில் பணம் போட யாருக்கும் உங்கள் ஓ.டி.பி தேவையில்லை. இ-கே.ஒய்.சி-யை பொதுச் சேவை மையத்துக்கு நேரில் போய், கைரேகை வைத்தே முடிக்கலாம்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு.