இஸ்லாமிய வங்கியில் டோக்கன் ஏன் மெதுவா நகருது?

டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்களா? மலேசியா, துபாய் இஸ்லாமிய வங்கிகளிலும் இதே காட்சிதான். ஆனால் அங்கே ஒரு கூடுதல் கணக்கு இருக்கு.

என்ன வித்தியாசம்?
வட்டி கிடையாது. 'முராபஹா' முறையில் கார் வேண்டுமென்றால், வங்கியே முதலில் காரை வாங்கி, லாபம் சேர்த்து உங்களுக்குத் தவணையில் விற்கும். கார் வங்கிக்குச் சொந்தமாகும் முன் விற்பனை ஒப்பந்தம் போடக் கூடாது. ஆக, கையெழுத்துகளுக்கும் ஒரு வரிசை உண்டு.

டோக்கன் என்ன செய்யும்?
பணம் கட்ட வந்தவரையும் ஒப்பந்தம் போட வந்தவரையும் பிரிக்கும். ஏன்? ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதியைப் பாருங்க. மணிக்கு 30 பேர் வருகிறார்கள்; ஒவ்வொருவரும் சராசரியாக 10 நிமிடம் இருந்தால், கிளைக்குள் எப்போதும் சுமார் 5 பேர். அதுவே 20 நிமிடமானால் 10 பேர்.

சிக்கல் எங்கே?
'சராசரி நேரத்தைக் குறை' என்று ஊழியரை விரட்டினால், முதலில் சுருங்குவது விளக்கம்தான். வங்கியின் லாபம் எவ்வளவு, தவணை தவறினால் என்ன ஆகும் என்று தெரியாமலே கையெழுத்து போட்டுடுவீங்க. பணக் கவுன்டரில் வேகம் சரி. ஒப்பந்த மேசையில் நிதானம்தான் நல்ல சேவை.

இந்தியாவில்?
ரகுராம் ராஜன் குழு 2008இல் வட்டியில்லா வங்கிச் சேவையைப் பரிந்துரைத்தது. அந்த யோசனையைத் தொடரப்போவதில்லை என ரிசர்வ் வங்கி 2017இல் தெரிவித்தது.

ஆனால் எந்த வங்கியானாலும் ஒன்று பொருந்தும்: பின்னால் எத்தனை டோக்கன் காத்திருந்தாலும், படிக்காமல் கையெழுத்து போடாதீங்க.