பிந்திய மைல்கல்லும் தன்னியக்க அறிவித்தலும்

செயற்றிட்டத்தின் ஒரு கட்டம் முடிவுற வேண்டிய திகதியைக் குறிப்பது மைல்கல் ஆகும். வெளியீடு தங்கியுள்ள மைல்கல் பிந்தினால் வெளியீடும் பிந்தும்.

உதாரணம்: அமெரிக்காவின் டென்வர் விமான நிலையம் 1993 ஒக்டோபரில் திறக்கப்படவிருந்தது. பயணப்பொதிகளைக் கையாளும் தன்னியக்க முறைமை நிறைவுறாமை பிரதான காரணமாக, 1995 பெப்ரவரியிலேயே திறக்கப்பட்டது.

தாமதத்தை உரியவர் காலத்துடன் அறிய, செயற்றிட்ட முகாமைத்துவ மென்பொருளை நாள்தோறும் பின்வருமாறு செயற்பட அமைக்கலாம்.

1. திகதி கடந்தும் முடிவுறாத மைல்கற்களைத் தெரிதல்.
2. அவற்றுள் வெளியீட்டைத் தடுப்பவற்றை வேறாக்கல்.
3. அவற்றைப் பொறுப்பாளருக்கு அறிவித்தல். குறித்த நாட்களுள் தீராவிடின் முகாமையாளருக்கும், பின்னர் வெளியீட்டுத் திகதியை மாற்றும் அதிகாரமுள்ளவருக்கும் அறிவித்தல்.

கவனிக்க: எல்லாத் தாமதங்களையும் மேலிடத்துக்கு அனுப்பினால் முக்கியமானது கவனிக்கப்படாது போகும். எனவே 2ஆம் படியைத் தவிர்க்கலாகாது. மென்பொருள் அறிவிக்கும், தீர்மானம் எடுப்பவர் மனிதரே.