மவுஸை ஓரமா வைங்க... வீடியோ எடிட்டிங்கில் வேகம் கூட்டும் விரல் வித்தை!

கல்யாணம் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. கல்யாண வீடியோ மட்டும் கைக்கு வர ஏன் அத்தனை நாள் ஆகிறது? ஸ்டுடியோக்காரர்கள் அனைவரும் கேட்டுச் சலித்த கேள்வி இது.

இரண்டு மூன்று கேமராக்களில் எடுத்த பல மணி நேரக் காட்சிகளை ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். வேண்டாததை வெட்டி, வேண்டியதைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் மவுஸைத் தேடிப் பிடித்து, கத்தரிக்கோல் குறியைச் சொடுக்கி, டைம்லைனில் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பதற்குள் சில விநாடிகள் ஓடிவிடும். வெட்டுக்கு 3 விநாடி மிச்சமானால்கூட, 1,000 வெட்டுகளில் 50 நிமிடம் லாபம். மணிக்கட்டு வலியும் குறையும்.

மூன்று விரல், மூன்று எழுத்து

பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ், ஃபைனல் கட் புரோ... எந்த மென்பொருளானாலும் ஜே, கே, எல் என்ற மூன்று எழுத்துகள்தான் அரிச்சுவடி. எல் தட்டினால் வீடியோ முன்னால் ஓடும். ஜே தட்டினால் பின்னால் ஓடும். கே தட்டினால் நிற்கும். எல்லை மறுபடி தட்டினால் வேகம் கூடும். 3 மணி நேரக் காட்சியை இரட்டை வேகத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கீபோர்டில் ஜே எழுத்தின் மேல் சின்ன மேடு ஒன்று இருக்கும். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே விரல் அதைக் கண்டுபிடித்துவிடும்.

காட்சி தொடங்க வேண்டிய இடத்தில் ஐ, முடிய வேண்டிய இடத்தில் ஓ. இரண்டும் அதே விரல்களுக்கு எட்டும் மேல் வரிசையில்தான் இருக்கின்றன. இடது, வலது அம்புக்குறிகள் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும். மேல், கீழ் அம்புக்குறிகள் ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்குத் தாவும்.

வெட்டு எங்கே?

பிரீமியர் புரோவில் கன்ட்ரோலும் கேயும் சேர்த்து அழுத்தினால், கோடு நிற்கும் இடத்தில் கிளிப் இரண்டாகும். ரிசால்வில் கன்ட்ரோலும் பியும். ஃபைனல் கட்டில் கமாண்டும் பியும். பிரீமியரில் க்யூ, டபிள்யூ இரண்டும் இன்னும் வேகம். கோட்டுக்கு முன்னால் உள்ள மிச்சத்தை க்யூ நீக்கும், பின்னால் உள்ளதை டபிள்யூ நீக்கும். இடைவெளியும் தானாக மூடிக்கொள்ளும்.

இங்கேதான் கவனம் தேவை. இடைவெளி மூடும்போது அதற்குப் பின்னால் உள்ள காட்சிகளெல்லாம் முன்னால் நகரும். பின்னணிப் பாட்டு இருக்கும் டிராக்கைப் பூட்டி வைக்காவிட்டால், பாட்டும் நடுவில் வெட்டுப்படலாம். அதற்காக எல்லாவற்றையும் பூட்டிவிடவும் கூடாது. மண்டபத்தில் தனியாகப் பதிவு செய்த ஒலியைப் பூட்டிவிட்டால், படம் மட்டும் நகர்ந்து ஒலி அங்கேயே நின்றுவிடும். தாலி கட்டி முடித்த பிறகு கெட்டிமேளம் கேட்டால், அந்தக் குடும்பத்துக்கு அது ஆயுசுக்கும் உறுத்தும்! ரிசால்வில் டெலிட் அழுத்தினால் இடைவெளி மூடும், பேக்ஸ்பேஸ் அழுத்தினால் காலியிடம் அப்படியே இருக்கும். சந்தேகம் என்றால் பேக்ஸ்பேஸே பாதுகாப்பு.

கத்தரியிலிருந்து கீபோர்டுக்கு

ஒரு காலத்தில் ஃபிலிமைக் கையால் வெட்டி ஒட்டித்தான் படம் தொகுத்தார்கள். 1989-ல் வந்த ஆவிட், அந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஆவிட் முறையில் தொகுக்கப்பட்ட முதல் படமாகச் சொல்லப்படுவது, கமல்ஹாசனின் 'மகாநதி' (1994). ஹாலிவுட்டில் 'தி இங்கிலீஷ் பேஷன்ட்' படத்தை ஆவிட்டில் தொகுத்த வால்டர் மர்ச், 1997-ல் அதற்காக ஆஸ்கர் வாங்கினார். அவர் நின்றுகொண்டே எடிட் செய்பவர்.

எப்படிப் பழகுவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதல் வாரம் ஜே, கே, எல் மட்டும். அடுத்த வாரம் ஐ, ஓ. மூன்றாவது வாரம் வெட்டும் கட்டளை. ரிசால்வுக்கு இலவசப் பதிப்பு இருப்பதால் செலவில்லாமலே பழகலாம். பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் கன்ட்ரோல், ஆல்ட், கே மூன்றையும் சேர்த்து அழுத்தினால், ஷார்ட்கட்களை விருப்பப்படி மாற்றும் பக்கம் திறக்கும்.

தவறிப்போய் எதையாவது அழுத்திவிட்டால் பதற வேண்டாம். கன்ட்ரோலும் இசட்டும் எப்போதும் கை கொடுக்கும்!