மூளையைப் படிக்க எந்தப் பட்டம்?

"மூளையைப் பற்றிப் படிக்க ஆசை. ஆனால் கல்லூரியில் அப்படி ஒரு பட்டப் படிப்பே இல்லையே!" என்று ஏங்கும் மாணவர்கள் உண்டு. பெற்றோருக்கும் என்ன பதில் சொல்வது என்று தெரிவதில்லை.

ஆசையைக் கைவிட வேண்டாம். இதோ, அமெரிக்காவில் படித்த இருவரின் கதை!

சரித்திர மாணவர்

எரிக் காண்டல், வியன்னா நகரில் 1929-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938-ல் ஹிட்லரின் படை அங்கே நுழைந்தது. மறு ஆண்டு, 9 வயதுச் சிறுவன் அண்ணனுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினான்.

படித்த மக்கள் எப்படி இவ்வளவு கொடியவர்கள் ஆனார்கள்? இந்தக் கேள்வி அவரை விடவில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சரித்திரமும் இலக்கியமும் படித்தார். பிறகு மனத்தை அறியும் ஆவலில் மருத்துவம் படித்தார். 1955-ல், படிப்பின் இடையே, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து நரம்பு ஆராய்ச்சி பழகினார்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. அதை எடுத்த எடுப்பில் ஆராய முடியுமா? அவர் ஒரு கடல் நத்தையை எடுத்துக்கொண்டார்! அதற்கு உள்ளவை சுமார் 20,000 நரம்பு செல்களே. நெடுநாள் நினைவு உண்டாகும்போது, செல்களுக்கு இடையே புதிய இணைப்புகள் முளைக்கின்றன என்று கண்டார்.

அணுகுண்டு வேண்டாம்!

பால் கிரீன்கார்டு கல்லூரியில் படித்தது கணிதமும் பௌதிகமும். 1948-ல் பட்டம் பெற்றார். பௌதிகத்திலேயே தொடர்ந்தால் அணு ஆயுத வேலைக்குப் போக நேரும் என்று எண்ணினார். அதனால் உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் திரும்பினார். ஒரு நரம்பு செல்லுக்குச் செய்தி வந்ததும் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்தார்.

2000-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை இந்த இருவரும், சுவீடன் நாட்டு அறிஞர் அர்விட் கார்ல்சனும் பகிர்ந்துகொண்டனர். கார்ல்சன் படித்தது மருத்துவம். மூவரில் ஒருவர்கூட நரம்பியலில் இளநிலைப் பட்டம் பெற்றவர் அல்ல!

என்ன செய்யலாம்?

இன்று அமெரிக்காவில் பல கல்லூரிகளில் நரம்பியல் பட்டப் படிப்பு உண்டு. நம் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. எனவே, "மூளையில் எதை அறிய ஆசை?" என்று முதலில் பிள்ளையைக் கேளுங்கள். செல்லின் வேலை என்றால் உயிரியல் அல்லது இரசாயனம் படிக்கட்டும். நடத்தை என்றால் உளவியல். மின்சாரத் துடிப்புகளும் கணக்கும் என்றால் பௌதிகம் அல்லது கம்ப்யூட்டர்.

ஒரு பாடத்தை ஆழமாகப் படிக்க வேண்டும். மற்றவற்றின் அடிப்படையையும் கற்க வேண்டும். விலங்கியல் மாணவர் கணக்கை விடக் கூடாது. கணித மாணவர் செல்லைப் பற்றி அறிய வேண்டும். விடுமுறையில் ஆராய்ச்சிக்கூடத்தில் பழக வழி உண்டா என்று பேராசிரியரிடம் கேட்கலாம்.

மேற்படிப்புக்கு அரியானாவில் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் நரம்பியல் பிரிவு உண்டு. அங்கே சேர என்ன தகுதி வேண்டும் என்பதைக் கல்லூரியில் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள். பிறகு பாடத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.