பேருதான் வரையாடு... ஆனா ஆடே இல்லையாம்! மலை உச்சி விலங்குக்கும் வட சென்னை தோல் வியாபாரத்துக்கும் என்ன கனெக்‌ஷன்?

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் போனா ஆடுகளைத் தேடவே வேண்டாம். நிறுத்தி வச்ச ஆட்டோ மேல ஒண்ணு ஏறி நிக்கும், சுவரில் ஒட்டின போஸ்டரை இன்னொண்ணு பசையோட சேர்த்து மென்னுக்கிட்டு இருக்கும். எங்கே இடம் கிடைச்சாலும் மேலே ஏறணும் என்கிற அந்தப் புத்தி சும்மா வந்தது இல்லை. வீட்டு ஆட்டின் மூதாதைகள் மேற்கு ஆசியாவின் மலைப் பாறைகளில் வாழ்ந்த காட்டு ஆடுகள். சுமார் பத்தாயிரம் வருஷமா மனுஷனோட சமவெளியில் வாழ்ந்தும் அந்தப் பழக்கம் மட்டும் போகலை.

இந்தக் குடும்பத்தில் மனுஷனோட சேராம மலையிலேயே தங்கிட்ட ஒரு சொந்தம் தமிழ்நாட்டில் உண்டு. அதுதான் மாநில விலங்கான வரையாடு. அரசு விளம்பரங்களிலும் பாடப் புத்தகங்களிலும் பார்த்திருப்போம். நேரில் பார்த்தவங்க குறைவு. 2025-ம் ஆண்டு கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் இருப்பவை 1,303. ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தால், இது எவ்வளவு சின்ன எண் என்பது புரியும்.

ஆடா... செம்மறியா?

'வரை' என்றால் மலை. வரையில் வாழும் ஆடு என்பதால் வரையாடு. சங்க இலக்கியத்தில் இதற்கு 'வருடை' என்று பெயர். ஆக இது தமிழர்களுக்குப் புதுசாக அறிமுகமான விலங்கு இல்லை.

ஆனால் விஞ்ஞானிகள் ரொம்ப நாளாக இதைத் தப்பான வீட்டில் சேர்த்து வைத்திருந்தார்கள். இமயமலையில் தார் என்று ஒரு விலங்கு உண்டு, அரேபியாவில் ஓமன் பக்கத்து மலைகளிலும் ஒரு தார் உண்டு. உருவம் ஓரளவு ஒத்துப்போனதால் இந்த இரண்டோடு நம்ம வரையாட்டையும் சேர்த்து ஒரே பேரினமாக வைத்திருந்தார்கள். 2005-ல் வெளியான மரபணு ஆய்வு அந்த வீட்டை மூன்றாகப் பிரித்துவிட்டது. இமயமலைத் தார் ஆட்டுக்குப் பக்கம். அரேபியத் தார் வட ஆப்பிரிக்காவின் காட்டுச் செம்மறிக்குப் பக்கம். நம்ம வரையாடு செம்மறி இனத்துக்குப் பக்கம். அதன்பிறகுதான் இதற்கு 'நீல்கிரிட்ராகஸ்' என்று தனிப் பேரினமே கிடைத்தது. அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஒரே ஒரு இனம். உலகத்தில் வேறு எங்கேயும் இது கிடையாது.

கொஞ்சம் கவனித்தால் கண்ணுக்கே தெரியும். கிடாய்க்கு இருக்கும் தாடி வரையாட்டுக்குக் கிடையாது. ஆண், பெண் இரண்டுக்கும் பின்னோக்கி வளைந்த கொம்பு இருக்கும். வயசு ஏற ஏற ஆணின் உடம்பு கருத்து, முதுகில் மட்டும் வெள்ளி நிறத்தில் சேணம் போட்ட மாதிரி ஒரு பட்டை விழும். நல்லா வளர்ந்த ஆண் 100 கிலோ வரை இருக்கும், பெண் அதில் பாதி.

குளம்பின் விளிம்பு கெட்டியாக இருக்கும், நடுப்பகுதி ரப்பர் மாதிரி மெத்தென்று பாறையைப் பிடித்துக்கொள்ளும். புலி, சிறுத்தை, செந்நாய் துரத்தினால் இவை ஓடுவது காட்டுக்குள் இல்லை, செங்குத்தான பாறைச் சரிவுக்கு. அங்கே துரத்திக்கொண்டு வரும் தைரியம் செந்நாய்க்குக்கூட கிடையாது. அதனால் வரையாட்டுக்கு இரண்டு விஷயம் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். மேய்வதற்குப் புல்வெளி, தப்பிப்பதற்குப் பாறை. இந்தியாவில் பரால், ஐபெக்ஸ், மார்க்கோர் என்று மலை ஆட்டு இனங்கள் நிறைய உண்டு. எல்லாம் இமயமலைப் பக்கம். தென்னிந்தியாவுக்கு இது ஒன்றுதான்.

சிக்கல் எங்கே ஆரம்பிச்சது?

துப்பாக்கியில் என்று சொல்வது எளிது. அது உண்மையும்கூட. பிரிட்டிஷ் காலத்தில் நீலகிரியிலும் மூணாறு மலைகளிலும் வரையாட்டு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. சேண முதுகு ஆண் என்றால் தனி மவுசு. எண்ணிக்கை சரிந்த வேகத்தைப் பார்த்து வேட்டைக்காரர்களே பயந்து 1877-ல் சங்கம் ஆரம்பித்தார்கள், 1879-ல் நீலகிரிக்கென்று தனி வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. கேரளத்தின் இரவிகுளமும் முதலில் தோட்டக்காரர்களின் வேட்டைக் காடுதான். 1975-ல் சரணாலயமாகி, 1978-ல் தேசியப் பூங்காவானது. இன்றைக்கு உலகத்திலேயே அதிக வரையாடுகள் ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான்.

துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகும் இடம் சுருங்கிக்கொண்டே போனது. அந்தக் கதையில்தான் சென்னை வருகிறது.

மதராஸ் ஒரு காலத்தில் பதனிட்ட தோலுக்கு உலகப் பெயர் வாங்கிய ஊர். பெரியமேடு மண்டிகளில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் குவியும். பதனிட்ட தோல் துறைமுகம் வழியாகக் கப்பலேறும். தோலைப் பதனிட ஆரம்பத்தில் பயன்பட்டது நம்ம ஊர் ஆவாரம்பட்டை. இருபதாம் நூற்றாண்டில் அந்த இடத்தைச் சீகை மரப்பட்டை பிடித்துக்கொண்டது. சீகை என்றால் தலைக்குத் தேய்க்கும் சீயக்காய் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்துக்கு நீலகிரியில் வழங்கும் பெயர் அது. இதன் பட்டையில் தோலைப் பதப்படுத்தும் டானின் சத்து அதிகம். தென்னாப்பிரிக்கத் தோட்டங்களிலிருந்து பட்டை கப்பல் கப்பலாக இறக்குமதியானது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 'எதுக்கு வெளிநாட்டுக்குக் காசு கொடுக்கணும், நாமளே வளர்க்கலாமே' என்ற கணக்கில் நீலகிரியிலும் பழனி மலையிலும் சீகை பெருமளவில் நடப்பட்டது. நட்ட இடம் எது? மரமே இல்லாத மலைப் புல்வெளிகள். பிரிட்டிஷ் ஆவணங்கள் அதைத் தரிசு என்று எழுதி வைத்திருந்தன, பின்னால் வந்தவர்களும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். மரம் நடுவது நல்லதுதானே என்று யாருக்கும் சந்தேகம்கூட வரவில்லை. விறகுக்கும் காகித, ரேயான் ஆலைகளுக்கும் யூகலிப்டஸ், பைன் மரங்களும் சேர்ந்துகொண்டன.

நாட்டு ஆட்டின் தோலைப் பதனிட நட்ட மரம் காட்டு ஆட்டின் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்தது இல்லை. ஆனால் விளைவு அதுதான். பழனி மலையில் மட்டும் 40 ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போனதாக செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இன்னொரு கொடுமை, சீகையை வெட்டினாலும் அது போகாது. விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டால் போதும், ஆயிரக்கணக்கில் முளைக்கும். ஒரு முறை வெட்டிவிட்டு போட்டோ எடுத்தால் வேலை முடியாது, வருஷா வருஷம் நாற்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை உத்தரவிட்டும் வேலை மெதுவாக நகர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எண்ணூர்க்காரருக்கு இதனால என்ன?

முதல் விஷயம் தண்ணீர். மலை உச்சியில் புல்வெளியும், மடிப்புகளில் அடர்ந்த சோலைக்காடும் சேர்ந்த அமைப்பு மழையை உறிஞ்சி வைத்து ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நீலகிரியின் க்ளென்மார்கன் பகுதியில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டுப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். முதல் சுற்று மரங்கள் வளர்ந்த காலத்திலேயே ஓடைக்கு வரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது.

அந்த மலைகளில் பிறக்கும் பவானி ஆறு ஈரோட்டுக்குப் பக்கத்தில் காவிரியில் கலக்கிறது. காவிரி நீர் கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிக தூரம் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. வட சென்னைக்குப் புழல் ஏரியும் மீஞ்சூர் கடல்நீர் ஆலையும்தான் பெரிய ஆதாரம், உண்மை. ஆனால் நகரத்தின் ஒரு பக்கத்தில் வீராணம் குறைந்தால் மறுபக்கம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்பது யார் என்பது வட சென்னைக்குச் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை.

இரண்டாவது, வெப்பம். வரையாடு 1,200 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் உயரம் வரை வாழும். கீழே சூடு ஏறினால் மற்ற விலங்குகள் மேலே நகரலாம். ஏற்கெனவே உச்சியில் இருப்பது எங்கே போகும்? காலநிலை மாற்றத்தால் 2030-களிலிருந்து வரையாட்டுக்கு ஏற்ற வாழிடத்தில் 60 சதவீதம் வரை பறிபோகலாம் என்று 2018-ல் வந்த இன்னொரு ஆய்வு கணித்தது. எண்ணூர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி, அத்திப்பட்டு அனல் மின் நிலையப் புகைபோக்கி என்று இந்தப் பகுதி மக்கள் தினம் சுவாசிக்கும் விஷயத்தின் இன்னொரு முனை அது. அதற்காக எண்ணூர்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. உலகம் முழுக்க எரிகிற கரியில் இது ஒரு துளி. சாம்பலை முதலில் வாங்கிக்கொள்வது கொசஸ்தலை ஆற்று மீனவர்கள், சூட்டை வாங்கிக்கொள்வது ஆனைமலை வரையாடு.

அரசு என்ன செய்யுது?

2022 டிசம்பரில் தமிழக அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாடு பாதுகாப்புத் திட்டத்தை அறிவித்தது. 2022 முதல் 2027 வரை, ஐந்து ஆண்டுகளுக்கு. 2023 அக்டோபரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். ஆண்டுதோறும் அக்டோபர் 7 வரையாடு தினம். 1975-ல் இந்த விலங்கைப் பற்றி முன்னோடி ஆய்வு செய்த இ.ஆர்.சி.டேவிதார் நினைவாக வைத்த நாள் அது. அவர் தொழிலால் வழக்கறிஞர்.

திட்டத்தில் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பு, ரேடியோ காலர் வைத்துக் கண்காணிப்பு, முன்பு வாழ்ந்து அழிந்துபோன இடங்களில் மறுபடி கொண்டுபோய் விடுவது, அப்பர் பவானியில் சோலைப் புல்வெளியை மீட்பது எல்லாம் இருக்கிறது. சில வரையாடுகளின் உடம்பில் தென்படும் கட்டிகளுக்குச் சிகிச்சை ஆய்வும் உண்டு. கூட்டங்கள் தனித்தனித் தீவு மாதிரி பிரிந்து கிடப்பதால், ஒரு நோய் வந்தால் அந்தக் கூட்டத்துக்குப் புது ரத்தம் சேர வழியே இல்லை. சின்னக் கூட்டங்களுக்கு உண்மையான ஆபத்து இதுதான்.

2024 ஏப்ரல் இறுதியில் நடந்த முதல் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் தமிழகத்தில் 1,031 வரையாடுகள். 2025 ஏப்ரலில் கேரளாவும் தமிழகமும் ஒரே நேரத்தில் எண்ணியபோது தமிழகத்தில் 1,303, கேரளாவில் 1,352. மொத்தம் 2,655. ஒரே வருஷத்தில் 272 கூடிவிட்டதே என்று கொண்டாடுவதற்கு முன் ஒரு கணக்கு. வரையாடு வழக்கமாக ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும், சினைக்காலம் ஆறு மாதம். பிறக்கும் குட்டிகளில் பலவும் பெரிதாகும் வரை தாக்குப்பிடிப்பதில்லை. அதனால் 272 என்பதில் எல்லாமே புதுக் குட்டிகள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. போன முறை பனிமூட்டத்தில் கண்ணில் படாததும், இந்த முறை புதிதாகச் சேர்த்த மலைகளில் கண்டதும் இதில் சேர்த்திதான். நாலைந்து வருஷம் தொடர்ந்து இதே முறையில் எண்ணினால்தான் ஏறுதா இறங்குதா என்று சொல்ல முடியும். திட்டம் முடிவது 2027 என்பதை இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

நியூசிலாந்தில் கதையே தலைகீழ். 1904-ல் வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்ட இமயமலைத் தார் அங்கே பெருகி, மலைத் தாவரங்களை மேய்ந்து தீர்க்கும் தொல்லையாகிவிட்டது. 10,000-க்கு மேல் போகக் கூடாது என்று அந்த நாட்டு அரசு 1993-ல் வரம்பு போட்டு, ஹெலிகாப்டரில் போய்ச் சுடுகிறது. சீகை ஆஸ்திரேலியாவில் சாதாரண மரம், நீலகிரியில் ஆக்கிரமிப்பு. தார் இமயமலையில் சாதாரண விலங்கு, நியூசிலாந்தில் ஆக்கிரமிப்பு.

நேரில் பார்க்கணுமா?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில், ஆழியார் தாண்டி 9-வது கொண்டை ஊசி வளைவு. லோம்ஸ் வியூ பாயிண்ட் என்பார்கள். அந்தச் சுற்றுவட்டாரப் பாறைகளில், சில நாள் ரோட்டோரத் தடுப்புச் சுவர் மேலேயே வரையாடுகள் நிற்கும். மனுஷனைப் பார்த்து ஓடாத அளவுக்குப் பழகிவிட்டன. அதுதான் பிரச்சினையும். சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுவது, கொம்பைப் பிடித்து செல்ஃபி எடுப்பது எல்லாம் அங்கே நடக்கிறது. வரையாடு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு, புலிக்குச் சமமான பாதுகாப்பு. வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. துரத்தி விரட்டுவதும் சட்டப்படி வேட்டையில்தான் சேரும். இரவிகுளம் போக நினைத்தால் குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் திறந்ததும் போனால் தாயோடு குட்டிகளையும் சேர்த்துப் பார்க்கலாம்.