பாயில் இல்லாத பெயர்: அரூப ஓவியமும் சாதியும்

பத்தமடையில் நெய்யப்படும் கல்யாணப் பாயில் மணமக்களின் பெயர்கள் இடம்பெறும். நெய்தவரின் பெயர் இடம்பெறாது. ஓவியக் கூடத்தில் தொங்கும் அரூப ஓவியத்தின் மூலையிலோ ஓவியரின் கையொப்பம் இருக்கும். இரண்டிலும் நாம் காண்பவை கோடுகள், பட்டைகள், வண்ணங்கள். ஒன்றைக் கைத்தொழில் என்றும் மற்றொன்றைக் கலை என்றும் பிரித்தது எது?

அரூப ஓவியம் மேட்டுக்குடியினரின் விளையாட்டு என்ற கருத்து நம் தோழர்களிடையே வலுவாக உள்ளது. அதற்குக் காரணமும் உண்டு. 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காக நெல்லையில் நடந்த பேரணி மீது காவல்துறை தடியடி நடத்தியது. தாமிரபரணியில் ஒரு குழந்தை உட்பட 17 உயிர்கள் பறிபோயின. அத்தகைய மண்ணில் ஓவியம் சாட்சி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆனால் உருவத்தைத் துறந்த ஓவியம் உலகையும் துறந்துவிட்டது என்று பொருளாகாது.

மரம், மனிதர், வீடு என எதையும் ஒத்திருக்க முயலாமல், கோடு, வண்ணம், வடிவம், வெளி ஆகியவற்றாலேயே பேசுவது அரூப ஓவியம். ஐரோப்பாவில் 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில், வண்ணம் இசையைப்போல நேரே மனத்தைத் தொடும் என்று நம்பி வரைந்தார் காண்டின்ஸ்கி. 1915இல் மாலெவிச் தம் ‘கறுப்புச் சதுர’த்தை, ருஷ்ய வீடுகளில் தெய்வப் படம் வைப்பதைப் போலக் கண்காட்சி அறையின் மேல்மூலையில் மாட்டினார். மோந்திரியான் கிடைக்கோடுகளையும் செங்குத்துக் கோடுகளையும் கொண்டே ஓவியத்தைக் கட்டினார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பொல்லாக் துணியைத் தரையில் விரித்து வண்ணத்தைச் சொட்டவிட்டார். ரோத்கோ அகன்ற வண்ணப் பரப்புகளை அடுக்கினார்.

தமிழ்நாட்டில் இப்போக்கு சென்னை ஓவியக் கல்லூரியில் வேர்கொண்டது. 1850இல் தொடங்கிய அந்நிறுவனம் நெடுங்காலம் தொழிற்கலைகளைக் கற்பித்த பள்ளியே. அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் சாதகக் கட்டங்களும் வாசிக்க இயலாத எழுத்துகளும் நிறைந்தன. 1966இல் அவரும் மாணவர்களும் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாயில் கால் ஊன்றியது. ஓவியர் ஆதிமூலம் பின்னாளில் நிலத்தையே வண்ணப் பரப்பாக மாற்றினார். ஆக, நம் அரூப ஓவியம் கைத்தொழிலின் தோளில் வளர்ந்த கலை.

இனிப் பத்தமடைக்குத் திரும்புவோம். ஆற்றங்கரைக் கோரையை அறுத்து, உலர்த்தி, ஓடும் நீரில் ஊறவைத்து, கீறி இழையாக்கிச் சாயமேற்றுகிறார்கள். பாவு பருத்தி நூல். ஊடாகச் செல்வது கோரை. எந்தப் பட்டைக்கு அடுத்து எந்த வண்ணம், எத்தனை இழை, எங்கே வெற்றிடம் என்பவை நெய்பவரின் கையில் தீர்மானமாகின்றன. நெய்பவர்களில் பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் பெண்கள். அரூப ஓவியர் எடுக்கும் முடிவுகளும் இவையே.

சாதி, வேலையை மட்டுமன்றி வேலை செய்வோரையும் மேல் கீழாகப் பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் விளக்கினார். அப்பிரிவினையில் சிந்திப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். தோலைப் பதப்படுத்திப் பறை கட்டியவருக்கும் மண்ணைக் குழைத்துப் பானை வனைந்தவருக்கும் கைத்திறன் மட்டுமே ஒப்புக்கொள்ளப்பட்டது, சிந்தனை மறுக்கப்பட்டது. மதம் வேறாயினும், பாய் நெய்யும் பெண்களையும் அந்தப் பார்வை விட்டுவைக்கவில்லை.

இது மாறக்கூடியதே. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்னும் ஊரில், அடிமைகளாக இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் பழந்துணிகளை இணைத்துப் போர்வைகள் தைத்தனர். 2002இல் அவை ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் தைத்தவர்களின் பெயர்களோடு வைக்கப்பட்டன. நவீன அரூப ஓவியங்களுக்கு இணையாகப் பேசப்பட்டன.

எனவே நாம் வலியுறுத்துவன இரண்டு. அருங்காட்சியகமாயினும் விற்பனை நிலையமாயினும் பாயோடு நெய்தவரின் பெயரும் இருக்க வேண்டும். அதுபோலவே, ஓவியம் பயிலும் தலித் மாணவர்கள் காயத்தை மட்டுமே, அதுவும் உருவமாக மட்டுமே வரைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை நாம் கைவிட வேண்டும். நாளை ஒரு மாணவி தாமிரபரணியை ஒற்றைக் கறுப்புப் பட்டையாகத் தீட்டினால், அதில் அந்த 17 பேர் எங்கே என்று கேட்பதற்கு முன் சற்று நின்று பார்ப்போம்.