கம்பம் பள்ளத்தாக்கின் வானில் ட்ரோன்: எங்கே வரம், எங்கே வம்பு?

2023 மே 27. கம்பம் நகரத் தெருக்களில் அரிக்கொம்பன் ஓடிய காட்சிகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கேரளாவின் சின்னக்கானலில் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட யானை அது. மலையிறங்கி ஊருக்குள் வந்ததும் 144 தடை உத்தரவு போடப்பட்டது. யானை தாக்கிக் காயமடைந்த ஒருவர் சில நாள்களில் இறந்துபோனார். அத்தனை பதற்றத்துக்கு நடுவே, புளியந்தோப்பில் நின்ற யானையைப் படம் பிடிக்க ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட்டார். மிரண்டுபோன யானை மறுபடியும் ஓடத் தொடங்கியது. பறக்கவிட்டவர் மீது போலீஸ் நடவடிக்கை பாய்ந்தது.

அதற்காக ட்ரோன் என்றாலே வம்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. மலையும் வயலும் ஊரும் நெருக்கியடிக்கும் தேனி மாதிரியான மாவட்டத்தில் சாலை, பாலம், கட்டடம் என எதைத் திட்டமிட்டாலும் அது பெரிய உதவிதான்.

மலையை அளக்கும் கண்

மலைப்பாதையை அகலப்படுத்த வேண்டும் என்றால், முன்பெல்லாம் சர்வே குழுவினர் முட்காட்டை வெட்டிக்கொண்டு கருவியோடு சரிவில் ஏற வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் நின்றுதான் அளக்க வேண்டும். ட்ரோன் அந்த ஆபத்தைக் குறைக்கிறது.

வயலில் ஏர் ஓட்டுவதுபோல வரிசை வரிசையாகப் பறந்து படம் எடுக்கும். ஒரு படத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் இருக்கும். ஒரே பாறையைப் பல கோணங்களில் பார்ப்பதால், மேடு பள்ளங்களோடு கூடிய முப்பரிமாண வரைபடத்தைக் கணினி உருவாக்கிவிடும். தரையில் சில இடங்களில் குறி வைத்து, அவற்றை ஜிபிஎஸ் கருவியால் துல்லியமாக அளந்து சேர்த்தால், பிழை சில சென்டிமீட்டருக்குள் அடங்கும்.

எங்கே எவ்வளவு மண் வெட்டணும், எங்கே கொட்டணும் என்று இதில் கணக்குப் போடலாம். வேலைக்கு முன்னும் பின்னும் பறக்கவிட்டு ஒப்பிட்டால், ஒப்பந்தக்காரர் காட்டும் மண் கணக்கு சரிதானா என்பதும் தெரிந்துவிடும். தேசிய நெடுஞ்சாலைப் பணிகளை மாதாமாதம் ட்ரோனில் வீடியோ எடுத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021-ல் கட்டாயமாக்கியது.

அதற்குத் தெரியாதவை

தென்னந்தோப்புக்கு மேலே பறந்தால் மட்டைகள்தான் படத்தில் விழும், தரை விழாது. லேசர் கதிர் பாய்ச்சும் 'லைடார்' கருவி பொருத்தினால் இலை இடுக்குகள் வழியே தரையை ஓரளவு அளக்கலாம்; ஆனால் செலவு அதிகம். காற்றாலைகள் சுழலும் இந்த மாவட்டத்தில் ஆடிக் காற்று சிறிய ட்ரோனை அலைக்கழித்துவிடும். பேட்டரியும் பெரும்பாலும் அரை மணி நேரம்தான் தாங்கும்.

இன்னொன்று, நிலம் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. படத்தில் வேலியும் வரப்பும் தெரியும். நிலம் யாருடையது என்பது தெரியாது. அதைச் சொல்பவை பட்டா, புல வரைபடம், எல்லைக்கல்தான். சாலைக்காகத் திராட்சைத் தோட்டத்தில் ஒரு துண்டு போகிறது என்றால், பந்தல், கிணறு, மரம் எல்லாம் வேலைக்கு முன் எப்படி இருந்தன என்பதற்கு ட்ரோன் படம் கைகொடுக்கலாம். ஆனால் எல்லையை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது.

விசேஷ வீட்டாருக்கு

கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று இப்போது எல்லாவற்றுக்கும் ட்ரோன் வருகிறது. 2021 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறையில் இருக்கும் ட்ரோன் விதிகளில் நமக்குத் தேவையானவை இவை:

* ட்ரோனைப் பதிவு செய்து அடையாள எண் பெற்றிருக்க வேண்டும்.

* 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காக இயக்குபவரிடம் பைலட் சான்றிதழ் இருக்க வேண்டும்.

* பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. எந்த இடம் எந்த மண்டலம் என்பதை 'டிஜிட்டல் ஸ்கை' இணையதள வரைபடத்தில் பார்க்கலாம்.

* விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

வான விதியில் தடை இல்லை என்பதற்காகக் காட்டுக்குள் பறக்கவிட்டுவிட முடியாது. 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் இந்தப் பள்ளத்தாக்கை ஒட்டியே இருக்கிறது. அங்கே வனத்துறையின் அனுமதியும் வேண்டும். யானைக்கு மண்டலமும் தெரியாது, வரைபடமும் தெரியாது. தலைக்கு மேலே ரீங்காரம் கேட்டால் அது ஓடும். ஓடும் வழியில் யார் நிற்பார்கள் என்பது பறக்கவிட்டவர் கையில் இல்லை.

அரிக்கொம்பனை ஜூன் 5 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். காட்டோர ஊர்களில் இன்னொரு யானையோ காட்டெருமையோ நாளைக்கே வயலில் இறங்கலாம். அப்போது கையில் ட்ரோன் இருந்தால் அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, வனத்துறைக்கு போன் போடுங்கள்.